எதிரி இல்லாத படை

காவலர் கழிப்பறையின் காற்றுத் துளை வழியே வெளியே பார்க்க மற்றவர்கள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏற வேண்டும். நெட்டைக்கு எழுந்து நின்றாலே போதும். சிறைக்குள் இருந்த தச்சுப் பட்டறை முழுக்கக் கண்ணுக்கு நேரே தெரியும்.

அன்று காலை அவன் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை. குந்தியபடி இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல வலித்தது. கீழே பார்த்தால் வெறும் ரத்தமும் சளியும். இரண்டு வருஷமாக இதே கதைதான். மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சிறைக்காவலன் கத்திக்குத்து வாங்கலாம், மண்டை உடையலாம், அதற்கெல்லாம் ஒரு மரியாதை உண்டு. பேதி என்று சொன்னால் ஓய்வு பெறும் நாள்வரை அதுதான் பெயராக நிற்கும். நெட்டை என்ற பெயரே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

பட்டறைப் பக்கம் ஏதோ கனமாக விழும் சத்தம் கேட்டது. "புடிங்கடா, புடிங்கடா அவனை!" என்று ஒரு குரல். நெட்டை சுவரைப் பிடித்து எழுந்தான்.

இழைப்பு மேஜைக்குக் கீழே பாட்டுக்காரன் விழுந்து கிடந்தான். மரம் இழைக்கும்போதெல்லாம் ஏதாவது முனகிக்கொண்டே இருக்கும் கைதி அவன். இப்போது கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. பல் கிட்டித்துப்போய், வாயோரம் நுரை சிவப்பாக வழிந்தது. நாக்கைக் கடித்துவிட்டான் போலிருக்கிறது. காக்கா வலிப்பு. அவனோடு ஒரே அறையில் கிடக்கும் கிளி ஓடிவந்தான். ஓயாமல் பேசுவதால் கிளி. நண்பனின் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, கையிலிருந்த உளியைத் திருப்பிப் பிடித்து, மரக்கைப்பிடியை அவன் பல்லுக்கு நடுவே திணிக்கப் பார்த்தான். வலிப்பு வந்தவன் வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது என்பது கிளிக்குத் தெரியாது. உளியின் கூர்ப்பக்கம் அவன் உள்ளங்கையிலேயே இருந்தது. அது கிழித்து, அவன் ரத்தம் நண்பனின் முகத்தில் சொட்டியது.

பட்டறை வாசலில் அன்றைக்குக் காவல் நெட்டையின் அக்கா புருஷன். நெட்டைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். சத்தம் கேட்டுத் திரும்பிய அவருக்கு வாசலிலிருந்து என்ன தெரிந்திருக்கும்? ஒருத்தன் மேல் ஒருத்தன் ஏறி உட்கார்ந்திருக்கிறான், கையில் உளி பளபளக்கிறது, கீழே கிடப்பவன் முகமெல்லாம் ரத்தம். தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை அவர் ஓங்கி அழுத்தினார்.

"மாமா! வலிப்பு மாமா! அது வலிப்பு!" என்று நெட்டை காற்றுத் துளையில் வாயை வைத்துக் கத்தினான். சைரன் அந்தக் குரலை அப்படியே விழுங்கிவிட்டது.

அப்புறம் நடந்ததற்கு நேரமே ஆகவில்லை. மீசை என்கிற மூத்த காவலன் முதலில் பாய்ந்தான். அவன் பின்னால் லத்தியோடு ஏழெட்டுப் பேர். என்ன, ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. சைரன் அடித்தால் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. கிளி நிமிர்ந்து, "ஐயா, இவனுக்கு..." என்று தொடங்கினான். வாயைத் திறந்தவன் வாய்மேலேயே முதல் அடி விழுந்தது. பல் தெறித்தது. அடுத்த அடி தோளில். அது மாமாவின் லத்தி. மூன்றாவது மறுபடியும் மீசையினுடையது. காதுக்கு மேலே, தேங்காய் உடைகிற சத்தத்தோடு. கிளி பாட்டுக்காரன்மேலேயே குப்புற விழுந்தான். விழுந்தவன் முதுகிலும் அடித்தார்கள். வலிப்பில் துடித்த பாட்டுக்காரனின் காலைப் பார்த்து, இவன் திமிறுகிறான் என்று அவன் முட்டியையும் உடைத்தார்கள்.

அதுவரை கைகட்டி நின்ற கைதிகள் அப்போதுதான் கையில் கிடைத்ததை எடுத்தார்கள். மரச்சுத்தி, சட்டம், இழைப்புளி. "காப்பாத்துனவனைக் கொன்னுட்டானுங்கடா!" என்று ஒருவன் அலறினான். ஒரு காவலனின் தாடை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. ஒருவன் விரல்கள் மேஜைமேல் வைத்து நசுக்கப்பட்டன. ஆணி துருத்திய சட்டம் ஒன்று காற்றில் சுழன்று வந்தது. மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததை நெட்டை பார்த்தான். விரல் இடுக்கில் வழிந்தது ரத்தம் மட்டும் இல்லை.

நெட்டை கதவுத் தாழைத் திறந்து ஓடத்தான் பார்த்தான். இரண்டு எட்டு வைப்பதற்குள் வயிறு மறுபடி முறுக்கியது. முழங்கால் மடங்கி வாசலிலேயே விழுந்தான். கால்சட்டைக்குள் எல்லாம் போய்விட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு, நனைந்த உடையோடு சுவரைப் பிடித்துப் பட்டறைக்கு அவன் வந்து சேர்ந்தபோது சைரன் ஓய்ந்திருந்தது. மரத்தூள் முழுக்க ரத்தம் ஊறி, மிதித்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. கிளி செத்திருந்தான். பாட்டுக்காரன் வலிப்பு தெளிந்து, தன்மேல் கிடப்பது யார் என்றுகூடத் தெரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தான்.

மீசை நெட்டையை மேலும் கீழும் பார்த்தான். நனைந்த கால்சட்டையில் அவன் பார்வை நின்றது. தரையில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

*

மாமாவின் இடக்கண் போய்விட்டது. கண் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நெட்டையைக் கண்டதும் நேரே வந்தாள்.

"எங்கடா இருந்த?"

அவன் அவளைத் தாண்டி மாமா படுத்திருந்த அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"சைரன் அடிச்சப்போ நீ எங்கடா இருந்த? எல்லாரும் சொல்றாங்களே, கக்கூஸ்ல போய்ப் பூட்டிக்கிட்டன்னு. நிஜமா?"

"அக்கா..."

ஓங்கி அறைந்தாள். அவன் உயரத்துக்கு அவள் கை கன்னத்தை எட்டவில்லை, கழுத்தில் விழுந்தது. "வேலை வாங்கிக் குடுத்தவர் கண்ணைக் குடுத்துட்டு வர்றாரு. நீ தாழ்ப்பாள் போட்டுட்டு வர்ற. உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தேன் பாரு, என் இடுப்பைச் சொல்லணும்."

சிறையில் கதை ஒரே மாதிரி எழுதப்பட்டுவிட்டது. கிளி உளியால் பாட்டுக்காரனைக் குத்த வந்தான், தடுக்கப் போன காவலர்களைக் கைதிகள் கூடித் தாக்கினார்கள், மோதலில் கிளி இறந்தான். பட்டறையில் இருந்த கைதிகள் அத்தனை பேர்மேலும் கொலை முயற்சி வழக்கு. பாட்டுக்காரனுக்கு ஒன்றுமே நினைவில்லை. மற்ற கைதிகள் சொன்னதை யார் நம்புவார்கள்? நடந்ததை முதலிலிருந்து பார்த்த காவலன் ஒருத்தன்தான். அவன் எங்கே நின்று பார்த்தான் என்று சொல்ல நாக்கு கூசியது. அதைவிட, சொன்னால் மாமாவின் லத்தியையும் சொல்ல வேண்டும்.

வாரம் முடிவதற்குள் உடை மாற்றும் அறையில் அவனை மடக்கினார்கள். மீசையும் இரண்டு பேரும். அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற இடம்தான்.

"விசாரணைக்கு ஆள் வருதாம். நீ என்ன சொல்லுவ?" என்றான் மீசை.

"பார்த்ததைச் சொல்லுவேன்" என்று நெட்டையின் வாய் சொல்லிவிட்டது. அவன் அதுவரை அப்படி முடிவு செய்திருக்கவில்லை.

"கக்கூஸ்ல என்னடா பார்த்த? உன் குண்டியைத் தவிர?"

சிரித்துக்கொண்டே அடித்தார்கள். ஒருவன் பின்னாலிருந்து கழுத்தை வளைத்துக்கொண்டான். மீசை முகத்தைத் தொடவே இல்லை, தழும்பு தெரியக்கூடாதாம். பூட்ஸ் காலால் வயிற்றிலேயே மிதித்தான். நெட்டையும் சும்மா இருக்கவில்லை. பிடித்திருந்தவன் முன்கையில் பல் எலும்பைத் தொடும்வரை கடித்தான். அவன் அலறிக்கொண்டு விட்டதும், அலமாரிக் கதவைப் பிடுங்கித் திறந்து மீசையின் மூக்கில் மோதினான். மூக்கு உடைந்து மீசை சிவந்தது. அதற்குமேல் நெட்டைக்கு நிற்க முடியவில்லை. காலோடு சூடாக ஏதோ இறங்குவது தெரிந்தது. குனிந்து பார்த்தான். தரையில் குளமாக ரத்தம்.

அடித்தவர்களே பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

*

குடல் மருத்துவர் சின்ன உருவம், வேகமான பேச்சு. குழாய்க் காமிராவை விட்டுப் பார்த்த படத்தைத் திரையில் போட்டாள். நெட்டையின் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குடலின் உட்சுவர் தீப்பற்றி எரிந்த வீட்டின் சுவர்போல இருந்தது. தோல் உரிந்து, புண் புண்ணாக, தொட்ட இடமெல்லாம் கசிந்துகொண்டு.

"மிதிச்சாங்கன்னு சொன்னீங்க. மிதியில வந்தது இல்ல இது. ரொம்ப நாளா எரியுது. ஏன் வரல?"

"வெட்கம் டாக்டர்" என்றாள் மனைவி, அவன் சார்பில்.

"வெட்கத்துக்கு மருந்து என்கிட்ட இல்ல. இதுக்கு இருக்கு."

"எந்தக் கிருமி டாக்டர் இப்படிப் பண்ணுது?" என்று கேட்டான் நெட்டை.

"கிருமி பண்ணல. உங்க ஆளுங்களே பண்றாங்க." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உடம்புல காவல் பார்க்குற செல்லுங்க இருக்கு. அதுங்களுக்கு வாய் கிடையாது. ஆபத்துன்னா சின்னச் சின்னப் புரதத்தை வெளிய விடும். அதுதான் சேதி. சைட்டோகைன்னு பேர். அதுல டி.என்.எஃப்.னு ஒண்ணு, இன்டர்லூக்கின்னு ஒரு கூட்டம், இன்னும் எத்தனையோ. சேதி கிடைச்சதும் ரத்தத்துல போய்க்கிட்டு இருக்குற படை அந்த இடத்துல இறங்கி அடிக்கும். அந்தச் சேதி இல்லன்னா முள்ளு குத்தினாலே செத்துருவோம். அதனால அதைத் திட்டாதீங்க."

"சரி."

"உங்க குடல்ல என்னன்னா, அடிக்க வேண்டிய எதிரி யாரும் உள்ள வரல. வழக்கமா குடியிருக்குற நல்ல கிருமிங்கதான் இருக்கு. ஆனா சேதி போயிடுச்சு. படை வந்துடுச்சு. வந்தவன் சும்மா நிப்பானா? சுவரை இடிக்கிறான். இடிஞ்ச சுவர் வழியா உள்ள இருக்குறது கசியுது. அதைப் பார்த்து அவனவன் இன்னொரு சேதி விடுறான். இன்னும் படை வருது. அடங்குங்கடான்னு சொல்ற சேதியும் உடம்புல உண்டு. உங்களுக்கு அதோட குரல் எடுபடல."

நெட்டை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "முதல்ல சேதி விட்டது யாரு டாக்டர்?"

"அதை உலகம் பூராத் தேடிக்கிட்டு இருக்காங்க. பரம்பரைங்கிறாங்க, குடல் கிருமிங்கிறாங்க, இன்னும் என்னென்னவோ. ஒரே ஆள்மேல பழி போட முடியல."

உடனே ஸ்டீராய்டு ஊசி. அது தீயை அணைக்கும், ஆனால் அதிலேயே ஓட்ட முடியாது. நிரந்தரத்துக்கு, டி.என்.எஃப். சேதியைப் போகிற வழியிலேயே பிடித்து அமுக்குகிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. பரிசோதனையில் அவன் உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"ஜெயில்ல வேலையா? பின்ன இருக்காதா" என்றாள் மருத்துவர். "இவ்வளவு நாள் அதைச் சுத்தி நின்னு கட்டிப் போட்டதும் இதே டி.என்.எஃப். சேதிதான். நான் இங்க சேதியை அமுக்கினா அங்க காவல் போயிடும், அது எழுந்துக்கும். அதனால முதல்ல அதுக்கு மாத்திரை. ஒரு மாசம் போகட்டும். அப்புறம் இது."

ஸ்டீராய்டு அவன் ரத்தத்தை நிறுத்தியது, தூக்கத்தையும் நிறுத்தியது. முகம் பூசணியாக உப்பியது. காரணமில்லாமல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் காலை, தண்ணீர் சூடாக இல்லை என்று குளியலறைக் கதவை உதைத்துப் பெயர்த்துவிட்டான். மனைவி பெயர்ந்த கதவின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் என்ன உடைக்கணும் சொல்லு, எடுத்துத் தர்றேன். மனசுல இருக்குறதைத் தவிர எல்லாத்தையும் உடைக்கிற."

அப்போதுதான் பட்டறையில் பார்த்தது முழுவதையும் அவளிடம் சொன்னான். மாமாவின் அடி உட்பட. அவள் எழுந்து பெயர்ந்த கதவைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"சொன்னா அக்கா போயிடுவாங்க" என்றாள் கடைசியில். "சொல்லலன்னா நீ போயிடுவ. எனக்கு யாரு வேணும்னு என்னைக் கேட்காத. பொண்டாட்டிகிட்ட கேக்குற கேள்வியா அது?"

*

விசாரணைக்கு வந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி. காது கொஞ்சம் மந்தம். சிறை அலுவலகத்தின் பெரிய அறையில் காவலர்கள் ஒரு பக்கம், விலங்கோடு கைதிகள் ஒரு பக்கம். மாமா கண்ணில் கட்டோடு முதல் வரிசையில். அக்கா அவர் தோளை ஒட்டி.

"சம்பவம் நடந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"கழிப்பறையில இருந்தேன் ஐயா."

"எங்க?"

"கழிப்பறையில ஐயா!"

"கொஞ்சம் சத்தமா."

"கக்கூஸ்ல ஐயா!" என்று நெட்டை கத்தினான். அறையே கொல்லென்று சிரித்தது. விலங்கு பூட்டியவர்கள்கூடச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றான். இதற்குத்தான் இரண்டு வருஷம் பயந்தோமா என்று இருந்தது.

"எனக்குப் பெருங்குடல் முழுக்கப் புண்ணு. ரத்தமா போகும். அன்னைக்கும் போச்சு. எழுந்து ஓட முடியல. ஆனா நான் உயரம். காத்துத் துளை வழியா பட்டறை தெரியும். வேணும்னா வந்து பாருங்க, நின்னு காட்டுறேன்."

அப்புறம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். வலிப்பு, உளியின் கைப்பிடி, கிளியின் உள்ளங்கை, துளை வழியே தான் கத்தியது. முதல் அடி மீசை. இரண்டாவது அடிக்கு வந்தபோது நிறுத்தினான். தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான்: "ரெண்டாவது, தோள்ல. எங்க மாமா."

கைதிகள் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பாட்டுக்காரன். தன்னைக் கொல்ல வந்தவன் என்று ஒரு மாதமாகக் காவலர்கள் சொன்ன ஆள் எதற்காகச் செத்தான் என்று அவனுக்கு அந்த நிமிஷம்தான் நம்பும்படி ஆயிற்று. முன்னாலிருந்த மேஜையில் நெற்றியை மோதினான். மறுபடி மோதினான். பிடிக்கப் போன காவலனை உதறிவிட்டு, நெற்றி பிளந்து மேஜை நனையும்வரை மோதினான்.

அந்தக் களேபரத்தில் மாமா எழுந்துவிட்டார். நெட்டையை நோக்கி வந்து, முழு உடம்பின் பலத்தையும் சேர்த்து ஓங்கினார். நெட்டை நகரவில்லை. படட்டும் என்றுதான் நின்றான். ஆனால் ஒரு கண்ணில் தூரம் பிடிபடாது. முட்டி அவன் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த தூணில் மோதியது. எலும்பு முறிவது அருகில் இருந்தவர்களுக்குக் கேட்டது. இன்னொரு முறை ஓங்கினார், உடைந்த கையாலேயே. அதுவும் தூணில்தான் பட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, முன்பு ஒருநாள் பட்டறையில் உட்கார்ந்த மாதிரியே முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அக்கா அவரைத் தூக்கி நிறுத்தினாள். வெளியே போகும்போது தம்பியைப் பார்த்து, "இன்னையோட நீ எனக்குச் செத்துட்ட" என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள்.

*

கைதிகள்மேல் இருந்த வழக்கு விழுந்தது. மீசையும் இன்னும் இரண்டு பேரும் கைதாகி வேறொரு சிறைக்குப் போனார்கள். மாமாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்மேல் வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. நெட்டையைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். கிடங்கில் யாரும் அவனோடு பேசுவதில்லை. ஆனால் கழிப்பறை பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒரு நல்லது உண்டு.

சொட்டு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்த அறை, ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், கையில் ஊசி. முதல் தடவை ஏற்றிய சில நாளிலேயே வயிறு அமைதியாயிற்று. அந்த அமைதி அவனுக்குப் பழக்கமில்லாததால் பயமாக இருந்தது. மூன்றாவது தடவை பாதி மருந்து இறங்கியிருந்தபோது கதவு திறந்தது. அக்கா.

பக்கத்தில் ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை. இளைத்திருந்தாள்.

"உன் பொண்டாட்டி சொன்னா இங்கதான்னு. உன் வீட்டு வாசப்படி ஏற மாட்டேன். அது மாறாது. இது ஆஸ்பத்திரி."

"உட்காருக்கா."

"உட்கார வரல. ரெண்டு வருஷமா ரத்தம் போச்சா?"

"ஆமா."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

அக்கா மருந்துப் பையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், ஊசி ஏறிய கையைப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அடிச்சிருக்க மாட்டேன்" என்றாள். "இப்போ ரெண்டு பேரும் பாழாப்போய் நிக்கிறீங்க. நான் யாரைப் போய் அடிக்கிறது?"

அழுகிறாளோ என்று அவன் பார்த்தான். அழவில்லை.

"மாமா கீழ நிக்கிறாரு. மேல வரமாட்டேன்னுட்டாரு."

மருந்து இறங்கி முடியும்வரை அவள் சன்னல் ஓரத்திலேயே நின்றாள். நர்ஸ் ஊசியைக் கழற்றிப் பஞ்சு வைத்ததும் முன்னால் நடந்தாள். நெட்டை பின்னால் இறங்கினான்.

மாமா வாயில் தூணுக்குப் பக்கத்தில், கண் இல்லாத பக்கம் இவர்களைப் பார்க்கும்படி நின்றிருந்தார். வலது கையில் மாவுக்கட்டு அழுக்கேறியிருந்தது. நெட்டை சுற்றிக்கொண்டு போய் அவர் பார்வை விழுகிற பக்கம் நின்றான். அவர் தெருவையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ கத்துனேன்னு சொன்னியே. விசாரணையில."

"கத்துனேன் மாமா."

"நிஜமாவா?"

"வலிப்பு வலிப்புன்னு கத்துனேன்."

"எனக்குக் கேட்கலடா."

"தெரியும் மாமா. யாருக்கும் கேட்டிருக்காது."

மன்னித்த மாதிரியும் இல்லை, மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இல்லை. "பஸ் வருது" என்றாள் அக்கா. கூட்டமான பஸ். மாமா படியில் கால் வைக்கும்போது தூரம் தவறித் தடுமாறினார். நெட்டை பின்னாலிருந்து அவர் முழங்கையைப் பிடித்தான். அவர் கையை உதறவில்லை. அக்கா நடத்துனரிடம் மூன்று டிக்கெட் கேட்டாள்.